கோடை முகாமில் பிள்ளைகளோடு காய்கறித் தோட்டம்: நீலகிரிக்கான முழு வழிகாட்டி

நீலகிரியில் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு காய்கறித் தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் எடுத்து வைக்க வேண்டியது நாள்காட்டி. பள்ளி ஏப்ரல் கடைசியில் மூடினால் ஜூன் முதல் வாரம்போலத் திறந்துவிடும். நடுவே கிடைப்பது 5 வாரம், மிஞ்சிப்போனால் 6. நம் மலைக் கேரட்டுக்கு 3 மாதத்துக்கு மேல் வேண்டும். உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கோசுக்கும் ஏறக்குறைய அப்படியே. சமவெளியில் 25 நாளில் பறிக்கிற கீரைகூட இங்கே குளிரில் நிதானமாகத்தான் வளரும். இதை நினைக்காமல் மே முதல் தேதி கேரட் விதையைத் தூவினால், முகாம் முடிகிற நாளில் பிள்ளைகள் பார்ப்பது விரல் நீளத் தழை மட்டுமே. தான் விதைத்ததைத் தானே பறித்துத் தின்று பார்க்காத பிள்ளைக்கு அது இன்னொருவர் தோட்டம்தான்.

ஆகவே இங்கே சொல்லப்போகும் எல்லாமே ஒரு கணக்கின் மேல் நிற்கிறது: பிள்ளைகளின் நாட்களும் பயிரின் நாட்களும் எங்கே சந்திக்கும்?

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக் கிராமங்களையும் எஸ்டேட் குடியிருப்புகளையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். சுமார் 1,800 முதல் 2,000 மீட்டர் உயரம், தேயிலைக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடமோ படிப்பகமோ, அப்பா அம்மா காலையிலேயே கொழுந்து பறிக்கக் கிளம்பிவிடுகிற வீட்டுப் பிள்ளைகள். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியிலும், அதைப் போலவே குளிரும் கொடைக்கானலிலும் எல்லாக் கணக்குக்கும் ஒரு வாரம், பத்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர், கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற ஊர்களில் குளிர் குறைவு. அங்கே பயிர்ப் பட்டியல் மாறும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மார்ச் மாதமே வேலை தொடங்கட்டும்

முகாம் மே மாதத்தில்தான் என்றாலும் மண்வெட்டி மார்ச்சிலேயே இறங்க வேண்டும். நீலகிரி விவசாயிகளின் கார்போகம் என்ற பயிர்ப் பருவம் ஏப்ரல், மே மாதக் கோடை மழையை நம்பித் தொடங்குவது. முகாமும் சரியாக அந்த நேரத்தில் வருகிறது. பக்கத்துத் தோட்டங்களில் என்றைக்கு உழுகிறார்கள், என்றைக்கு விதைக்கிழங்கு இறங்குகிறது என்று கவனித்து உங்கள் தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள ஒரு விவசாயியிடம், “அண்ணா, இந்த வருடம் எப்போது போடலாம்?” என்று கேட்டால் கிடைக்கும் பதில் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

மார்ச் நடுவில் நிலத்தைக் கொத்திப் புரட்ட வேண்டும். ஏப்ரல் முதல் வாரம் நூல்கோல், லெட்யூஸ், முட்டைக்கோஸ் ஆகியவற்றுக்கு நாற்றங்கால் போட வேண்டும். ஏப்ரல் நடுவில் பீன்ஸ், பட்டாணி விதைப்பு. தேர்வு மாதமாயிற்றே என்று தயங்க வேண்டாம். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஆறேழு பெரிய பிள்ளைகள் வந்தால் போதும். முகாமின் முதல் நாள் வருகிற மற்றப் பிள்ளைகள் வெறும் மண்ணைப் பார்க்காமல், இலை விட்டிருக்கும் பீன்ஸையும் நடுவதற்குத் தயாராக நிற்கும் நாற்றையும் பார்ப்பார்கள். ஏற்கெனவே ஏதோ நடந்துகொண்டிருக்கிற இடத்துக்குள் நுழையும் பிள்ளை அதோடு சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

இடம் பார்ப்பது

சமமான நிலம் அல்லது ஏற்கெனவே படி கட்டிய நிலம் மட்டும் போதும். பிள்ளைகளின் தோட்டத்துக்காகச் சரிவை வெட்டாதீர்கள். 2009 நவம்பர் மண்சரிவை நினைவில் வைத்திருக்கிற மாவட்டத்துக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. லேசான சரிவு என்றால் பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும்; மேலிருந்து கீழாக ஓடினால் முதல் கோடை மழையிலேயே விதையும் மேல்மண்ணும் பள்ளத்துக்குப் போய்விடும்.

நாளுக்கு 6 மணி நேரம் வெயில் விழ வேண்டும். கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸுக்கும் சீகை மரத்துக்கும் அடியில் போடாதீர்கள். நிழல் ஒரு பக்கம். வேர்கள் ஈரத்தை உறிஞ்சிவிடும். கற்பூர மரத்தின் சருகு விழுந்த மண்ணில் விதை சரியாக முளைக்காது. தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். சோலையை ஒட்டிய ஒதுக்குப்புறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கட்டடத்தை ஒட்டி, ஆள் நடமாட்டத்துக்கு நடுவே இருக்கும் இடமே காட்டெருமைக்கும் பன்றிக்கும் கொஞ்சமாவது எட்டாதது.

20 பிள்ளைகளுக்கு 3 மீட்டர் நீளப் பாத்திகள் ஏழெட்டு இருந்தால் தாராளம். அகலம் 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு சிறுமி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கை நீட்டினால் பாத்தியின் நடு எட்ட வேண்டும்; எட்டாவிட்டால் அவள் பாத்திக்குள் காலை வைப்பாள், மண் இறுகும். நடைபாதைக்கு 45 சென்டிமீட்டர் விடுங்கள். குறைத்தால் பூவாளியோடு இரண்டு பேர் எதிரெதிரே வரும் நாளில் சண்டைதான்.

மண்ணின் புளிப்பை ஹைட்ரேஞ்சியா சொல்லும்

நீலகிரி, பழனி மலை மண் பெரும்பாலும் அமிலத் தன்மை உள்ளது. தேயிலைக்கு அது பிடிக்கும். பீட்ரூட்டுக்கும் பட்டாணிக்கும் கோஸ் வகைகளுக்கும் பிடிக்காது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆய்வகம் தேவையில்லை. மலையில் பாதி வேலிகளில் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா இருக்கிறதே, அதன் நிறம் மண்ணைப் பொறுத்தது. அமில மண்ணில் செடி அலுமினியத்தை எடுத்துக்கொள்ள முடிகிறது, அதனால் பூ நீலமாகும். மண்ணில் அமிலம் குறைந்தால் இளஞ்சிவப்பாகும். பிள்ளைகளை ஊர்வலமாக அழைத்துப்போய் எந்த வீட்டு வேலியில் என்ன நிறம் என்று குறிக்கச் சொல்லுங்கள். புதிதாகச் சிமென்ட் பூசிய சுவரோரத்தில் மட்டும் பூ சிவந்திருந்தால், ஏன் என்று அவர்களே ஊகிப்பார்கள்: சிமென்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணில் கசிந்திருக்கலாம். வெள்ளைப் பூ வகைகள் நிறம் மாற்றாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பூ திசையைக் காட்டும், அளவைச் சொல்லாது. அளவுக்கு மண் பரிசோதனைதான். நீலகிரியில் விவசாயம் முழுக்கத் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பு. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்தால் மண் மாதிரி எடுக்கும் முறையையும் எங்கே கொடுப்பது என்பதையும் சொல்வார்கள். பல இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்து, கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ கொடுப்பது வழக்கம். இந்த மாதிரி எடுக்கும் வேலையைப் பெரிய பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். ஆர்வத்தோடு செய்வார்கள்.

கார அமில நிலை 5.5-க்குக் கீழே இருந்தால் டோலமைட் அல்லது அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் இட வேண்டும். சதுர மீட்டருக்கு 200 முதல் 250 கிராம் பொதுவான அளவு. பரிசோதனை அட்டையில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். விதைப்புக்கு 3 வாரம் முன்பாவது கலந்துவிட வேண்டும். தொழு உரத்தையும் அதையும் ஒரே நாளில் போடக் கூடாது, தழைச்சத்து வீணாகும். சுவருக்கு அடிக்கிற சுட்ட சுண்ணாம்பு பக்கமே போக வேண்டாம். கையையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும். உருளைக்கிழங்குக்கு ஒதுக்கும் பாத்தியில் டோலமைட் போடாதீர்கள். அந்தக் கிழங்குக்கு லேசான அமில மண்தான் நல்லது, சுண்ணாம்பு கூடினால் தோலில் சொறி விழும்.

10 நாள் கழித்து, நன்றாக மக்கிய தொழு உரம் சதுர மீட்டருக்கு 2, 3 கிலோ. பச்சைச் சாணம் கூடவே கூடாது. பிள்ளைகள் பறித்தவுடன் தின்னும் தோட்டம் இது. சாணத்தில் உள்ள கிருமியும் புழு முட்டையும் கீரை வழியாக வயிற்றுக்குப் போகும்.

மண் காயாமல் இருக்கப் பாத்தி மேல் பரப்பும் மூடாக்கு பற்றி ஓர் எச்சரிக்கை. மலை முழுக்கப் பரவிக் கிடக்கும் கிகுயு புல்லை வெட்டிப் பச்சையாகப் பாத்தியில் பரப்பிவிடாதீர்கள். கணு ஒன்று மண்ணைத் தொட்டால் போதும், வேர் விட்டு அடுத்த மாதம் பாத்தி புல்வெளி ஆகிவிடும். வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

எதை விதைப்பது

இதில்தான் பெரும்பாலான முகாம்கள் தடுமாறுகின்றன. விதைக்கடையில் பாக்கெட்டின் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. நாளைப் பார்த்து மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்.

முதல் கூட்டம், முகாமில் விதைத்து முகாமிலேயே தின்பவை. சின்ன உருண்டைச் சிவப்பு முள்ளங்கிதான் இதற்கு ராஜா. நான்கைந்து நாளில் முளை, ஒரு மாதம் ஆனதும் பறிப்பு. நீள வெள்ளை முள்ளங்கிக்கு இன்னும் 10, 15 நாள் கூடும். சமையலறை வெந்தயத்தையே தூவி வெந்தயக்கீரை எடுக்கலாம்; கொத்தமல்லியை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்கலாம். பாலக் முதல் வெட்டுக்கு 35, 40 நாள் பிடிக்கும் என்பதால் முதல் நாளே விதைத்துவிடுங்கள். பொறுமையே இல்லாத 5 வயதுக்காரர்களுக்கு ஒரு தட்டில் ஈரத் துணி விரித்து வெந்தயமோ கடுகோ தூவுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் கத்தரியால் வெட்டித் தின்னலாம்.

இரண்டாவது கூட்டம், ஏப்ரலிலேயே தொடங்கிவைத்து மே கடைசியில் பறிப்பவை. லெட்யூஸ், நூல்கோல், குத்துப் பீன்ஸ். நூல்கோலை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தண்டு மண்ணுக்கு மேலே உருண்டு திரள்வதை நாள்தோறும் கண்ணால் பார்க்கலாம், நூலால் சுற்றளவு அளக்கலாம். மண்ணுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாத கேரட்டைவிடப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவோ மேல். நாற்றை நட்டு 45, 50 நாளில் தயாராகும். முகாமின் முதல் வாரம் நட்டால் இழுபறிதான், ஆகையால் விதையை மார்ச் கடைசிக்கே முன்னே கொண்டுவந்தாலும் தப்பில்லை. பீன்ஸ் விதை பெரியது, சின்ன விரலுக்கும் பிடிபடும். ஒரு வாரம், பத்து நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். குத்துச்செடி வகையையே கேட்டு வாங்குங்கள். கொடிப்பீன்ஸ் அழகுதான், காய்க்க அதிக நாள் ஆகும்.

மூன்றாவது கூட்டம், பள்ளி திறந்த பிறகும் வளர்பவை. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு. கேத்தி பாலாடா கேரட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் கேரட் வேண்டாம் என்று சொல்ல முடியாது. போடுங்கள், ஆனால் பள்ளிக்கூடத்தோடு முன்கூட்டியே பேசிவைத்த பிறகு போடுங்கள்.

கூடலூர், பந்தலூர், கீழ்ப்பழனியில் தண்டுக்கீரை, வெண்டை, தட்டைப்பயறு எல்லாம் நன்றாக வரும். முட்டைக்கோஸ் வகைகளை அங்கே குறைத்துக்கொள்ளுங்கள். கூடலூர்ப் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் என்பதால் மே கடைசிக்குள் பறிப்பு முடிய வேண்டும். கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து; அங்கே இந்த அவசரம் இல்லை.

மேரக்காய், அதாவது சௌசௌ, எந்த உயரத்திலும் ஒன்றாவது நடுங்கள். விதை என்று தனியே கிடையாது. முளைவிட்ட காயை முழுசாக, பாதி புதையும்படி சாய்த்து வைக்க வேண்டும். காயே விதையாகிற இந்த விஷயம் எந்தப் பிள்ளையையும் நிற்கவைத்துவிடும். வேலியோரம் ஒரு பந்தல் போதும், மாதக்கணக்கில் காய்க்கும்.

விதை வாங்கும்போது இன்னொன்று. இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறிய விதை, பூஞ்சாணக் கொல்லி மருந்து தடவியது. அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். மருந்து தடவாத விதை என்று கேட்டு வாங்குங்கள். பழைய விதை என்றால் 10 விதையை ஈரத் துணியில் முடிந்து வைத்து எத்தனை முளைக்கிறது என்று பிள்ளைகளே எண்ணட்டும். நான்காம் வகுப்புக்குச் சதவீதம் கற்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இந்தக் காய்கறிகள் எல்லாம் மலைக்கு எப்போது வந்தன என்பதையும் விதைப்பு நாளில் சொல்லுங்கள். 200 ஆண்டுகளுக்கு முன் இங்கே முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் பெயருக்கும் இல்லை. படுகர் வயல்களில் விளைந்தவை சாமை, ராகி, பார்லி, கோதுமை. 1819-இல் மலைக்கு வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில்தான் ஐரோப்பியக் காய்கறிகள் இங்கே வேரூன்றத் தொடங்கின. வீட்டில் பாட்டி இருந்தால், அவர்கள் சின்ன வயதில் என்ன விதைத்தார்கள் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். ஒரு பிடி சாமையோ ராகியோ கிடைத்தால் ஓர் ஓரத்தில் தூவிவிடலாம்.

உருளைக்கிழங்குக்குத் தனிப் பேச்சு

கடையில் வாங்கிய கிழங்கை நறுக்கி நட்டால் போதாதா என்று கேட்பார்கள். நீலகிரியில் போதாது. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலில் 1961-இல் கண்டுபிடிக்கப்பட்டது இதே நீலகிரியில்தான். அதன் முட்டைக்கூடுகள் பயிரே இல்லாமலும் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும்; மண்வெட்டியிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகும். ஆகவே நம்பகமான விதைக்கிழங்கு வாங்குங்கள். முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் வழிகாட்டுவார்கள். நூற்புழுவைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா போன்ற வகைகள் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கருவிகளைப் பக்கத்துத் தோட்டத்துக்கு இரவல் கொடுக்கும் முன் கழுவும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் ஏற்படுத்துங்கள். இந்த மலையில் இது பெரிய உதவி. கிழங்கு எடுத்த பாத்தியில் அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு மறுபடி உருளைக்கிழங்கு வேண்டாம்.

கோழிமுட்டை அளவுக் கிழங்கை, முளைக்கண் மேலே பார்க்க, ஒன்றரைச் சாண் இடைவெளியில் வையுங்கள். வரிசைக்கு வரிசை ஒரு முழத்துக்குக் குறையாமல் 50 சென்டிமீட்டர். செடி ஒரு சாணுக்கு மேல் வளர்ந்ததும் மண் அணைக்க வேண்டும். பூத்த பிறகு செடியில் காய் பிடித்தால் அது சின்னப் பச்சைத் தக்காளிபோல இருக்கும்; அதுவும், பச்சை நிறம் ஏறிய கிழங்கும், முளையும் நஞ்சு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

விதைக்கும் நாள்

அளவுகோலை மூலையில் வைத்துவிட்டுக் கையால் அளக்கச் சொல்லுங்கள். பீன்ஸ், பட்டாணிக்கு விரலின் ஒரு கணு ஆழம். முள்ளங்கிக்கு அரைக் கணு. கேரட் விதைக்கு ஆழமே வேண்டாம். மேலே பொடிமண் தூவி உள்ளங்கையால் தட்டிவிட்டால் போதும். பீன்ஸ் செடிக்குச் செடி பிள்ளைகளின் ஒரு சாண், வரிசைக்கு வரிசை இரண்டு சாண். நூல்கோலுக்கு ஒன்றரைச் சாண். முட்டைக்கோசுக்கு ஒரு முழம்.

கேரட் விதை பொடியாக இருப்பதால் பிள்ளைகள் கொட்டிவிடுவார்கள். ஒரு பங்கு விதைக்கு நான்கைந்து பங்கு காய்ந்த மணல் கலந்து கோட்டில் தூவச் சொல்லுங்கள். முளைக்க இரண்டு வாரம்கூட ஆகும், அதுவரை மேல்மண் காயக் கூடாது. அதே கோட்டில் இடையிடையே முள்ளங்கி விதை போட்டுவையுங்கள். அது சீக்கிரம் முளைத்துக் கோடு எங்கே என்று காட்டும், கேரட் பருக்கத் தொடங்கும் முன் பறித்தும் முடித்திருப்போம்.

பீட்ரூட் விதை ஒன்றில் இரண்டு மூன்று நாற்று வரும். கேரட்டும் நெருக்கமாகத்தான் முளைக்கும். இவற்றைக் கலைத்துவிடும் நாள் பிள்ளைகளுக்குக் கஷ்டமான நாள். உயிரோடு இருக்கும் செடியை ஏன் பிடுங்க வேண்டும் என்று கேட்பார்கள், சிலர் அழுவார்கள். அவசரப்படுத்தாமல், ஒரு வரிசையைக் கலைக்காமலே விட்டுவிடுங்கள். கலைத்த வரிசையையும் கலைக்காத வரிசையையும் ஜூலையில் தோண்டிப் பார்க்கும்போது கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பிடுங்கிய பீட்ரூட் இலையைத் துவையலுக்கோ பொரியலுக்கோ எடுத்துக்கொள்ளலாம்.

நட்டதைத் தோண்டிப் பார்க்கிற ஆசை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. அதைத் தடுக்காதீர்கள், அதற்கென்றே சிறிய பாத்தி ஒன்று ஒதுக்குங்கள். அங்கே எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கி வேர் பார்க்கலாம். மற்றப் பாத்திகள் தப்பித்துவிடும்.

ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கொடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பிள்ளையின் பாத்தி மட்டும் வெட்டுப்புழுவிடம் போனால் அந்த வருத்தத்தை அந்த வயதில் தனியாகச் சுமக்க விடக் கூடாது. பாத்திகள் பொதுவாக இருக்கட்டும். பெரிய பிள்ளை ஒன்று, சின்னது ஒன்று என்று ஜோடி சேர்த்து வேலை கொடுங்கள். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆளுக்கொரு நூல்கோல் செடி, பெயர்க் குச்சியோடு. கெட்டுப்போனால் மாற்றிக் கொடுக்க நாற்றங்காலில் கூடுதல் நாற்று இருக்கட்டும். நாற்றுத் தொட்டிக்குக் கொட்டாங்குச்சி, பாக்குமட்டைக் கிண்ணம், செய்தித்தாள் சுருட்டு போதும். பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ள மாவட்டத்தில் பிளாஸ்டிக் கப் தேடி அலைய வேண்டாம்.

அன்றாட ஒழுங்கு

காலை 8 முதல் 10 வரை. பெரியவர் ஒருவர் முன்னதாகவே வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்த பிறகே பிள்ளைகள் உள்ளே வர வேண்டும். மூலையில் காட்டெருமை படுத்திருக்கலாம், பன்றி கிளறியிருக்கலாம், கோத்தகிரிப் பக்கம் கரடியும் வந்துபோயிருக்கலாம். காட்டெருமை நின்றால் விரட்டக் கூடாது, கல் எறியக் கூடாது. பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொண்டு அது போகும்வரை காத்திருங்கள். சாப்பாட்டு மிச்சமும் பழத்தோலும் தோட்டத்தில் திறந்து கிடக்கக் கூடாது. உரக்குழிக்கு மூடி வேண்டும்.

முதல் வேலை தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களில் மலையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வழக்கம். கை கழுவும் இடத்துக்குக் கீழே ஒரு வாளி வைத்து, சோப்பு கலக்காத தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளலாம். மழையில்லாத நாளில் சதுர மீட்டருக்கு 4, 5 லிட்டர். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நின்று நத்தைகளுக்கு விருந்தாகும்.

பிறகு பார்வை நேரம். நேராக நிற்கும் ஒரு தகர டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, முந்தைய நாள் மழையை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். நூல்கோல் சுற்றளவு, முதல் பூ, முதல் காய் எல்லாம் அதே ஏட்டில். அதன் பின் களையெடுப்பு, குச்சி ஊன்றுவது. பட்டாணிக்குச் சீகை மிலாறுகள் தாராளம். பிற்பகலில் இடி, ஆலங்கட்டி மழை என்று வானம் மாறும் மாதம் இது. இடி கேட்டவுடன் வேலையை நிறுத்தி உள்ளே போக வேண்டும், சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

குளிராக இருக்கிறதே என்று தொப்பியை விட்டுவிடாதீர்கள். இந்த உயரத்தில் வெயில் தோலைச் சுட்டுவிடும். செந்தட்டியையும், வேலிகளில் எக்காளம்போலத் தொங்கும் பெரிய ஊமத்தை வகைப் பூவையும் காட்டி, தொடக் கூடாதவை என்று பழக்குங்கள். முடிந்ததும் சோப்பு போட்டு நகம்வரை கை கழுவல்.

பூச்சியும் நோயும்

பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் மருந்து தெளிப்பதற்கு இடமே இல்லை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. விளைச்சல் குறைந்தால் குறையட்டும்.

காலையில் நாற்று அடியோடு வெட்டுண்டு கிடந்தால் வெட்டுப்புழு. செடியைச் சுற்றி இரண்டு விரற்கடை மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கும் கரும்பழுப்புப் புழு அகப்படும். பிள்ளைகள் துப்பறிவாளர்களாக மாறும் நேரம் இது. புது நாற்றைச் சுற்றி அட்டை வளையம் பாதி புதையும்படி வைத்தால் தப்பிக்கும். முட்டைக்கோஸ் இலையில் ஜன்னல் ஜன்னலாக ஓட்டை விழுந்தால் வைரமுதுகுப் பூச்சியின் புழு. இலையின் அடிப்பக்கம் பார்த்து நசுக்க வேண்டும். நத்தைக்கு ஈரச் சாக்கு ஒன்றை இரவில் விரித்துவிட்டுக் காலையில் தூக்கிப் பாருங்கள், அடியில் கூடியிருக்கும்.

முட்டைக்கோஸ் நல்ல வெயிலில் வாடி, பிடுங்கினால் வேர் வீங்கி முண்டும் முடிச்சுமாக இருந்தால் வேர்முடிச்சு நோய். அமில மண்ணில் வருவது. செடியை உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். அந்தப் பாத்தியில் சில ஆண்டுகளுக்குக் கோஸ் இனமே வேண்டாம், முள்ளங்கியும் சேர்த்து.

பறிப்பும் சமையலும்

முகாமின் கடைசி வாரத்தைச் சமையலுக்கே விடுங்கள். முள்ளங்கி உப்புத் தொட்டு, நூல்கோல் சீவிப் பச்சையாக, வெந்தயக்கீரை பருப்போடு, பீன்ஸ் தேங்காய் தூவி. வீட்டில் முள்ளங்கியை ஒதுக்குகிற பிள்ளை தான் பிடுங்கியதை மண் கழுவி அங்கேயே கடிப்பதைப் பார்ப்பீர்கள். கத்தி வேலை 10 வயதுக்கு மேல்தான், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது. மே மாதம் கோத்தகிரி நேரு பூங்காவில் நடக்கும் காய்கறிக் கண்காட்சிக்கும் அழைத்துப் போகலாம். விதையிலிருந்து பார்த்த பிள்ளைகள் அங்கே கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

ஜூனுக்குப் பிறகு

கேரட்டும் கோசும் உருளைக்கிழங்கும் இன்னும் நிலத்தில் இருக்கின்றன. முகாம் தொடங்கும் முன்பே தலைமை ஆசிரியரிடம் பேசி, யார் எந்த நாள் பார்த்துக்கொள்வது என்று எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு கிழமை என்றால் சுமை தெரியாது. மழை தொடங்கிவிடுவதால் தண்ணீர் வேலை குறையும். களையும் நத்தையும்தான் பாக்கி. பனிமூட்டத்துக்குப் பிறகு உருளைக்கிழங்கு இலையில் கறுத்த ஈரத் திட்டுகள் தெரிந்தால் அது இலைக்கருகல். அந்த இலைகளை உடனே கிள்ளி அகற்றச் சொல்லுங்கள்.

சில பீன்ஸ் செடிகளைப் பறிக்காமல் விட்டு நெற்றாக்குங்கள். நெற்று காய்ந்து சலசலத்ததும் உரித்து, சாம்பல் கலந்து கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, ஆண்டையும் விதைத்த பிள்ளைகளின் பெயரையும் ஒட்டி வைத்தால் அடுத்த ஏப்ரலுக்கு விதை தயார்.

மே முதல் வாரம் நட்ட உருளைக்கிழங்கு ஆகஸ்ட் நடுவில் முதிர்ந்துவிடும். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றத்துக்கு எப்படியும் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வருவார்கள், வேறு பள்ளிக்கு மாறியவர்களைக்கூடக் கூப்பிடலாம். மிட்டாய் கொடுத்து முடிந்ததும் தோண்டத் தொடங்குங்கள். கிழங்கு காயப்படாமல் இருக்க ஓரத்திலிருந்து கொத்த வேண்டும், நடுவில் கையால். வெயிலில் பச்சையேறியதைக் கழித்துவிட்டு மீதியை எடை போட்டு ஆளுக்குச் சமமாகப் பங்கிடுங்கள். சமவெளியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு யாராவது விதைக்கென்று அனுப்பக் கேட்டால் கொடுக்கக் கூடாது. நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. சமைத்துச் சாப்பிட மட்டும்.